மூலையில் தடவிய கரி

தங்கம் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். கல்யாண வீடுகளில் பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி ஓரக்கண்ணால் எடை போட ஆரம்பித்தால் நான் எழுந்து பந்திப் பக்கம் போய்விடுவேன். என் காதில் கிடப்பது கவரிங். யாராவது விசாரித்தால், எங்கள் வீட்டுத் தங்கமெல்லாம் வடக்கே மண்ணுக்குள் கிடக்கிறது என்பேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய தெரு எங்களுடையது. எங்கள் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் க்யிம்யிண்டைங் படித்துறையில் மூட்டை தூக்கினார்கள். எண்பத்தெட்டில் ஊர் கலவரப்பட்டு, பள்ளிக்கூடங்களும் படித்துறையும் மாற்றி மாற்றி மூடிக் கிடந்த பிறகு, பழைய வேலை பழைய மாதிரி திரும்பவே இல்லை. ஒரு நாள் வேலை இருந்தால் நாலு நாள் இருக்காது. ஆண்கள் வீட்டிலேயே கிடந்தார்கள். பெண்களுக்கு எரிந்து விழ ஆள் கிடைத்தது.

என் அப்பாவும் அதே படித்துறையில்தான் வேலை பார்த்தார். ஆனால் அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். சிறு வயதில் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் வைத்திருந்தார். அதை எனக்கும் கற்றுக்கொடுத்தார். தெருவில் மற்றவர்களுக்குத் தமிழ் வாயில் இருந்தது, கையில் இல்லை. பிள்ளைகள் பர்மியத்தில்தான் சண்டை போட்டார்கள். அதனால் அப்பாவை எல்லோரும் ‘சயா’ என்றார்கள். பர்மியத்தில் வாத்தியார் என்று அர்த்தம். மூட்டை தூக்குகிற வாத்தியார் என்று அம்மா கேலி செய்வாள். அவித்த பட்டாணியைத் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்பவள் அவள். நாக்குக் கூர்மை.

நான் பத்தாம் வகுப்பை எட்டியிருந்த வருஷம் ஓர் ஏஜென்ட் வந்தான். வடக்கே மிச்சினாவுக்கும் அப்பால் ஆற்றங்கரையெல்லாம் ‘ஷ்வே மோ’ என்றான். தங்கம் தோண்டும் இடத்தைப் பர்மியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மண்ணை அரித்தால் போதுமாம், தங்கம் தானாக ஒட்டிக்கொண்டு வருமாம். கியாக்தான் பக்கத்து வயல் ஆட்களும் எங்கள் தெரு ஆண்களுமாக ஒரு கூட்டம் கிளம்பியது. முன்பணம் வாங்கியவன் அதைக் கழிக்காமல் திரும்ப முடியாது என்பதை ஏஜென்ட் ரயில் நகர்ந்த பிறகுதான் சொன்னானாம்.

அப்பாவும் போனார். அம்மா தடுக்கவில்லை. “போய்ட்டு உருப்படியா வாங்க. வரும்போது சேத்தோட வராதீங்க, வாசல்லயே குளிப்பாட்டிடுவேன்” என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நிறைய தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது அதில் முகம் சரியாகத் தெரிவதில்லை.

அங்கிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. தபாலில் இல்லை. சுரங்கத்துக்கு அரிசி கொண்டுபோகும் வியாபாரி திரும்பி வரும்போது கட்டாகக் கொண்டுவந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே பாய் நடத்திய டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். பாய் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், எங்கள் தெருவுக்கே பொது மாமா மாதிரி. எல்லாக் கடிதமும் என் அப்பாவின் கையெழுத்தில் இருக்கும். அங்கே எல்லாருக்கும் எழுதுகிறவர் அவர். இங்கே எல்லாருக்கும் வாசிக்கிறவள் நான். எழுதச் சொன்னவனுக்குத் தன் உறை எது என்று தெரிய வேண்டுமே என்று, உறையின் பின்பக்கம் ஒரு சின்னப் படம் போட்டிருப்பார். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகனுக்கு மீன். எங்களுக்குக் குத்துவிளக்கு. நல்ல சேதி இருந்தால் உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். ஒருவன் முன்பணத்தைக் கழித்துவிட்டான் என்றோ காலில் வந்த கட்டி ஆறிவிட்டது என்றோ உள்ளே எழுதியிருக்கும். காட்டில் மஞ்சளுக்கு எங்கே போனார்கள் என்று பெரியம்மா ஆச்சரியப்படுவாள். குழம்பைத் தொட்டுத் தடவியிருப்பார்கள் என்று அம்மா சொல்வாள். மோந்து பார்த்தால் குழம்பு வாசம்தான் அடிக்கும்.

சாயங்காலம் பெண்கள் எங்கள் வீட்டில் கூடுவார்கள். நான் வாசிப்பேன். பம்பு வைத்து ஆற்றுத் தண்ணீரைப் பீய்ச்சிக் கரையை உடைக்கிறார்கள், இடிகிற மண்ணைச் சரிவுப் பலகையில் ஓட விடுகிறார்கள், பலகையில் விரித்த பாயில் தூள் தங்குகிறது, அதைப் பாதரசத்தில் பிசைந்து நெருப்பில் காட்டுகிறார்கள். இதெல்லாம் அப்பா எழுதித்தான் தெரியும். “இவ்வளவு சேற்றைக் கண்டால் எருமைக்கே வெறுத்துவிடும்” என்று ஒருவன் வீட்டுக்கு எழுதியிருந்தார். அந்த வீட்டுக்காரி, என் புருஷனுக்கு இப்படியெல்லாம் பேச வராது, இது சயா பேச்சு என்றாள். எல்லோரும் சிரித்தோம். இன்னொரு கடிதத்தில் கரை சரிந்து ஒருவனை மூடிவிட்டதாக இருந்தது. தோண்டி எடுத்தபோது உயிர் இருந்ததா என்று எழுதவில்லை. அன்றைக்கு யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், எழுதச் சொன்னவனுக்குத் தெரியாமல், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். “வாசிக்கிற பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும்.” அது எனக்கு. அதை நான் சத்தமாக வாசித்ததே இல்லை. ஊரார் கடிதத்தில் எனக்கு மட்டும் ஒரு வரி இருப்பதில் அவ்வளவு கர்வம். உள்ளே போய்க் குடித்துவிட்டு வந்து அடுத்த உறையைப் பிரிப்பேன்.

இரண்டாம் வருஷம் ஆவணி மாதம், மழை இன்னும் விடாத நாளில், பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டாத மனிதர். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். கையில் ஒரே ஒரு உறை. குத்துவிளக்கு போட்டது.

“தங்கச்சி, இது ஒங்க வீட்டுது” என்றார். “வழியில எங்கயோ அழுக்குப் பட்டிருச்சு போல.”

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உறையின் நாலு மூலையிலும் கறுப்பாக இருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். விளக்குக் கரி. எங்களில் சாவுச் சேதி எழுதும் கடிதத்துக்கு மூலையில் கறுப்பு வைப்பார்கள். அப்படி ஒன்று வந்தால் வாசலில் வைத்தே வாசித்து, உடனே கிழித்துப் போட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இது பாய்க்கும் தெரியும், பட்டாணி விற்கிற அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அழுக்கு என்றால் ஒரு பக்கம் படும். நாலு மூலையிலும் ஒரே அளவாகவா படும்?

“வாசி” என்றாள் அம்மா.

வாசலில் நின்றே பிரித்தேன். அப்பாவின் கையெழுத்து. கொஞ்சம் கோணலாக இருந்தது, ஆனால் அவருடையதேதான். நான் சுகமாக இருக்கிறேன். இடையில் காய்ச்சல் வந்து போயிற்று, இப்போது பரவாயில்லை. இங்கே மழை விடவில்லை. தை பிறந்ததும் வரப் பார்க்கிறேன். வாசலிலேயே குளிப்பாட்டிவிடு.

அம்மா கேட்டாள், “அவரு கையெழுத்தா?”

“ஆமாம்மா.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்துட்டேன். அப்பா எழுத்துதான்.”

“அப்பறம் என்ன” என்றாள் அம்மா. “வெளக்குக்குப் பக்கத்துல வச்சுக் கரியாக்கிட்டாரு. எப்பவும் இப்பிடித்தான், பொறுப்பில்லாத மனுசன்.” என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, வீட்டுக்குள் கொண்டுபோய், துணிப் பெட்டியில் வைத்து மூடினாள். பாய் இன்னும் குடையோடு நின்றிருந்தார். டீ குடிக்கிறீங்களா என்று அவரைக் கேட்டேன். டீக்கடைக்காரரைப் பார்த்து அப்படிக் கேட்டோமே என்று பிறகுதான் உறைத்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

செத்தவன் கடிதம் எழுத மாட்டான். உயிரோடு இருப்பவன் தன் கடிதத்துக்குத் தானே கறுப்பு வைக்க மாட்டான். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன். அப்பாவைத் தவிர அங்கே இன்னும் கைகள் இருக்கின்றன என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என்னைப் பொறுத்தவரை மற்றவர்களெல்லாம் வாய்கள், அப்பா ஒருவர்தான் கை.

அடுத்த கட்டு வந்தபோது அம்மாதான் எல்லாரையும் முந்திக்கொண்டு டீக்கடைக்கு ஓடினாள். தெருவில் பல வீடுகளுக்கு உறை வந்திருந்தது. எல்லாம் அப்பாவின் கையெழுத்து, மூலைகள் சுத்தம். குத்துவிளக்கு மட்டும் இல்லை. ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் எழுதுகிறார், அப்படியானால் இருக்கிறார். அன்று முதல் மற்றவர்களின் கடிதம்தான் அவளுக்குக் கடிதம். வாசித்து முடிந்ததும் உறையைக் கேட்டு வாங்கி, படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. குத்துவிளக்கு வரவே இல்லை. தெருவுக்கு வாய் சும்மா இருக்குமா? சயா அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று பேச்சு கிளம்பியது. கச்சின் பெண் என்றார்கள், ஷான் பெண் என்றார்கள். நேரில் பார்த்த மாதிரி நிறம் வரைக்கும் சொன்னார்கள். கேள்விப்பட்டால் அம்மா ஆடித் தீர்ப்பாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பெரியம்மாதான் மெதுவாகச் சொன்னாள். அம்மா பட்டாணி அலசுவதை நிறுத்தாமல், “இருக்கட்டுமே. சோறாச்சும் பொங்கிப் போடுவால்ல” என்றாள்.

எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வேறொருத்தி இருந்தால் இருக்கட்டும் என்று தன் வாயால் சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் பூ வைத்துக்கொண்டாள், பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டாள், அப்பாவை வாய் நிறையத் திட்டிக்கொண்டே பட்டாணி விற்கப் போனாள். ஊரானுக்கெல்லாம் எழுத நேரம் இருக்கிறது, கட்டினவளுக்கு நாலு வரி எழுத முடியவில்லையா என்பதுதான் தினமும் பாட்டு. இருக்கிறவரைத்தானே திட்ட முடியும்.

தையும் பிறந்தது. யாரும் வரவில்லை.

மாசி மாதம் பெரியம்மாவுக்கு மீன் போட்ட உறை ஒன்று வந்தது. ரங்கூனில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் வாசித்தேன். “அம்மாவுக்கு, நான் சுகம். இங்கே மழை விடவில்லை. குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது.” வாசித்த பிறகுதான் வாசித்தது என்ன என்று எனக்கே புரிந்தது. போன மாதம் வந்ததிலும் மழை. அதற்கு முந்தையதிலும் மழை.

“மாசியில ஏது மழை?” என்றாள் பெரியம்மா.

“வடக்குல்ல. மலை. அங்கெல்லாம் பெய்யும்” என்றாள் இன்னொருத்தி.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் உறையைக் கேட்டு வாங்கவில்லை. அதற்குப் பிறகு வாசிக்கும் நேரத்தில் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

சித்திரையில் பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா நெருங்கிய நாட்களில், வடக்கே போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். கியாக்தான் பக்கத்துக்காரர், வயல் வேலை இல்லாத நாட்களில் அப்பாவோடு படித்துறையில் மூட்டை தூக்கியவர். கரை சரிந்ததில் கால் நசுங்கி, இனி உபயோகமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். கம்பை ஊன்றிக்கொண்டு, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், ஸ்டேஷனிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா அப்போதுதான் விற்று முடித்து வந்திருந்தாள். தலையில் பூ வாடியிருந்தது, பொட்டு வியர்வையில் லேசாகக் கரைந்திருந்தது. அவர் அந்தப் பொட்டையே பார்த்தார்.

“அண்ணி… கடுதாசி வரலையா?” என்றார்.

“வந்துச்சு” என்றாள் அம்மா.

“கரி வச்சு அனுப்புனமே.”

அவர் படியிலேயே உட்கார்ந்தார். அழுகையும் இருமலுமாகச் சொன்னது இதுதான். ஆனி மாதமே அப்பாவுக்கு மலேரியா பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரி எட்டாத தூரம், முதலாளி படகு தரவில்லை. காய்ச்சல் இறங்கியிருக்கிற நேரங்களில் சும்மா படுக்காமல், எல்லார் வீட்டுக்கும் ஆறும் ஏழுமாகக் கடிதம் எழுதி, படம் போட்டு அடுக்கி வைத்தார். நான் இல்லாமல் போனால் உங்கள் வீடுகள் சேதி இல்லாமல் தவிக்கும், மாதம் ஒன்றாக அனுப்பிக்கொள்ளுங்கள் என்றார். பொதுவாகச் சுகம் என்று எழுதினால் எந்த மாதத்துக்கும் பொருந்தும் என்பது அவர் கணக்கு. குடிசைக்கு மேல் கொட்டிக்கொண்டிருந்த மழை எழுத்துக்குள் வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

“எங்களுக்கு ஒண்ணுதானா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுதாம்மா. பொழச்சா நானே போய்ப் பேசிக்கிறேன், இல்லாட்டி இது ஒண்ணு போதும்னாரு. போய்ட்டா நாலு மூலையிலயும் கரி வச்சு அனுப்புங்கன்னு சொன்னாரு. எங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பர்மா பாஷையில எழுதுனா கணக்கெழுதுற கிராணி பிரிச்சுப் படிச்சுருவான். செத்த சேதி வெளிய போகக் கூடாதுன்னு முதலாளி சொல்லிவச்சிருந்தான், புது ஆளு வர மாட்டாம்ல. கரி என்னத்துக்குன்னு அவனுக்கு எங்க தெரியும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “உள்ள சுகம்னு எழுதியிருக்கே சயா, குழம்பிட மாட்டாங்களான்னு நான் கேட்டேன். எழுத்தைப் புள்ள படிக்கும், மூலைய அவ பாத்துக்குவான்னாரு.”

அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். “பாத்தேன்” என்றாள். “அன்னிக்கே பாத்தேன். இவ படிச்சதைப் புடிச்சுக்கிட்டேன்.”

அவரை எங்கே எரித்தீர்கள் என்று கேட்டாள். மழையில் விறகு பற்றவில்லை, தங்கம் எடுத்து முடித்த பழைய குழி ஒன்றில் இறக்கி மண்ணைத் தள்ளினோம் என்றார் அவர். அம்மா எழுந்து உள்ளே போனாள். துணிப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. யாரும் துடைத்துவிடவில்லை, அவளே துடைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாசற்படியில் வைத்து என்னிடம் தள்ளினாள்.

“இன்னொரு தரம் வாசி. வாசிச்சுட்டுக் கிழி.”

“அப்பா எழுதுனதும்மா. நமக்குன்னு கடைசியா இது ஒண்ணுதானே இருக்கு.”

“கரி வச்சத வீட்டுல வச்சிருக்கக் கூடாது. இவ்வளவு நாள் வச்சிருந்ததே தப்பு. கிழி.”

வாசித்தேன். வாசலிலேயே குளிப்பாட்டிவிடு என்ற வரியில் அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. நான் கிழித்தேன். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. அதற்கு மேல் என் கைக்கு வரவில்லை. மிச்சத்தை அம்மா வாங்கிக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், செய்ய வேண்டியதை உடல் இல்லாமலே செய்தார்கள். பதினாறாம் நாள் கழிந்து ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியம்மா எங்கள் வாசலுக்கு வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தாள். முந்தானைக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தாள். கால் போனவர் வரும்போது மீன் போட்ட உறை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அப்பா எழுதி வைத்ததில் அதுதான் கடைசி. அவள் அதை இத்தனை நாள் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

அம்மா திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “என்னக்கா, கடுதாசியா?” என்றாள்.

“வேணாம்டி. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“எதுக்கு இன்னொரு நாள்? ஒன் புள்ள உசுரோடதான இருக்கான். கேட்டுட்டுப் போ.” என் பக்கம் திரும்பினாள். “வாசி.”

பிரித்தேன். கையெழுத்து மிகவும் சிதைந்திருந்தது. சில எழுத்துகளை ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு, நான் சுகமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். மழை விடவில்லை. என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெரியம்மாவின் மகன் உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தான், அதற்கடுத்த வருஷம் திரும்பியும் வந்தான். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை.

கீழே பொடி எழுத்தில் வழக்கமான வரி இருந்தது. அதை மட்டும் கோணாமல், நிதானமாக எழுதியிருந்தார். அது வரைக்கும் யாருக்கும் வாசித்துக் காட்டாததை அன்றைக்குச் சத்தமாக வாசித்தேன்.

“வாசிக்கிற பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும்.”

அம்மா நிமிர்ந்தாள். “என்ன அது?”

“அப்பா எனக்கு எழுதுறது. எல்லாக் கடுதாசியிலும் இருக்கும்.”

சுவரைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.